சுற்று வழி, சீக்கிரப் பயணம்!

பிள்ளைகளே, தூரம் கூடினால் நேரமும் கூடும் என்றுதானே கணக்குப் போடுகிறீர்கள்? ஆகாயத்தில் அது எப்போதும் பலிக்காது.

டில்லியிலிருந்து அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவுக்கு ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே, அட்லாண்டிக் கடல் வழியாகப் பறந்தது. தூரம் சுமார் 13,900 கி.மீ. 2016 அக்டோபரில் அதே ஊருக்குக் கிழக்கே, பசிபிக் கடல் வழியாகப் புறப்பட்டது. தூரம் சுமார் 15,300 கி.மீ.! ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய வழியைவிடச் சீக்கிரமாகவே போய் இறங்கிவிட்டது.

வகுத்துப் பாருங்கள். மணிக்கு 1,055 கி.மீ. வருகிறதா? விமானத்தின் சொந்த வேகம் சுமார் 900 தான். மீதி, காற்று தள்ளிக் கொடுத்தது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஆறு போல ஓடுகிறது. மேற்கே போனால் அதுவே எதிர்க்காற்று. ஆடி மாதம் சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

வேகம் மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு மட்டும் போதாது என்பது என் கட்சி. காற்றையும் சேர்த்துக் கணக்குக் கொடுக்கச் சொல்லி உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். இப்போதைக்கு என் கணக்கு: விமான வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்று 100 கி.மீ., தூரம் 4,000 கி.மீ. எதிர்க்காற்றில் போக எத்தனை மணி? திரும்பி வர?