தங்க விசாவும் தகரப் பெட்டியும்

ஒரு லட்சம் திர்ஹாம், அதாவது ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் கட்டினால் அமீரகத்தில் ஆயுளுக்கும் குடியிருக்கலாம் என்று 2025 ஜூலையில் செய்தி பறந்தது. சில நாட்களிலேயே அந்நாட்டு அரசு மறுத்துவிட்டது. சொத்து வழியில் உண்மையான விலை 20 லட்சம் திர்ஹாம்! கிடைப்பதும் பத்தாண்டு வசிப்பு அனுமதிதான், குடியுரிமை அன்று.

அந்தச் சொத்தைக் கட்டி எழுப்பிய நம் கொத்தனாருக்கோ, வேலை போனால் குறித்த நாட்களுக்குள் நாட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். முப்பதாண்டு வியர்வை அங்கே முதலீடாகாது. பணம் பேசும் இடத்தில் உழைப்புக்கு நாற்காலி ஏது?

தோழர்களே, ஏஜெண்டு நீட்டும் தாளை நம்பி ஊர் நிலத்தை விற்காதீர்கள். அந்நாட்டுக் குடியேற்றத் துறையிடமே விசாரியுங்கள். அதுவரை பத்திரம் தகரப் பெட்டியிலேயே இருக்கட்டும்.