டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்!

கம்ப்யூட்டர் இதழில் என்ஜின் ஆயிலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? வேலை இருக்கிறது.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் ஒரு நாள் ரேம் கூட்ட ஆசைப்படுவார்கள். அப்போது ஒன்றைக் கவனிப்பார்கள். டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டு ரேமும் ஒரே நீளம், இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் அடியில் உள்ள சிறிய வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். மாற்றி வாங்கி வந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் உள்ளே போகாது. நாம் தவறு செய்யாமல் அந்த வெட்டு தடுத்துவிடுகிறது. கார் என்ஜினில் ஆயில் ஊற்றும் வாய்க்கு அப்படி எந்த வெட்டும் கிடையாது. எந்த ஆயிலை ஊற்றினாலும் போகும். வண்டியும் ஸ்டார்ட் ஆகும். தவறு நடந்ததே ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் தெரிந்தது. அப்பா ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் ஒரு கார் வாங்கினார். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். அவர் கோவையில், நான் பெங்களூரில். வாரன்ட்டி முடிந்ததும் கம்பெனி சர்வீஸ் செலவு அதிகம் என்று பக்கத்துத் தெரு ஒர்க்‌ஷாப்பில் விட ஆரம்பித்தார். அங்கிருந்த மெக்கானிக், "ஏனுங்ணா, நம்ம ஊரு வெயிலுக்கு இந்தத் தண்ணி மாதிரி ஆயில் தாங்குமுங்களா? கெட்டியா ஊத்தோணுமுங்க" என்று சொல்லி, பேரலில் இருந்து 20டபிள்யூ-50 ஊற்றினார். செலவு பாதியாகக் குறைந்தது. அப்பாவுக்கு இரட்டைச் சந்தோஷம்.

இரண்டு சர்வீஸ் இப்படிப் போனது. மூன்றாவது வருவதற்குள், குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பர்லியாறு தாண்டியதும் பானெட்டுக்குள் இருந்து விசில் சத்தம். பின்னால் நீலப் புகை. கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வேறு ஒரு மெக்கானிக் டர்போவைக் கழற்றி, அதற்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயைக் கையில் கொடுத்தார். ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. தரையில் தட்டினால் கரி உதிர்ந்தது. டர்போ மாற்றப் பில் 68,000 ரூபாய். ஆயிலில் அப்பா மிச்சம் பிடித்தது மூவாயிரம் இருக்கும். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

டர்போ என்பது என்ன? என்ஜினில் இருந்து வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுழல்கிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளுகிறது. உங்கள் கம்ப்யூட்டரின் சிபியு ஃபேன் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று சுற்றும். சின்னக் கார்களின் டர்போ 2,00,000 சுற்றையும் தாண்டும்! பெட்ரோல் கார் என்றால் புகை வரும் பக்கத்தில் வெப்பம் 900 டிகிரிக்கு மேலும் போகும். பெரும்பாலான கார்களில் இந்தத் தண்டைத் தாங்க பால் பேரிங்கூட இருக்காது. மெல்லிய ஆயில் படலத்தின் மேல் அது மிதந்துகொண்டுதான் சுற்றுகிறது. வழுக்கவும் அதே ஆயில், சூட்டை எடுத்துப் போகவும் அதே ஆயில்.

மலை ஏறி முடித்த கையோடு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினால் ஆயில் ஓட்டமும் நின்றுவிடும். பழுக்கக் காய்ந்த டர்போவின் சூடு, உள்ளே தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். தரம் குறைந்த ஆயில் சீக்கிரம் கரியாகும். விண்டோஸை ஷட் டவுன் செய்யாமல் பிளக்கைப் பிடுங்காதீர்கள் என்று கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே சொல்கிறோம் அல்லவா? மலைப்பாதையிலோ ஹைவேயிலோ விரட்டி வந்த டர்போ காருக்கும் அதுதான். ஒரு நிமிடம் சும்மா ஓட விட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

சரி, அந்த 'கெட்டி ஆயில்' விஷயத்துக்கு வருவோம். 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்றால் விண்டர், அதாவது குளிர்காலம். முன்னால் இருக்கும் எண் குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது. 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 35 டிகிரியில்கூட பம்ப் இழுக்க வேண்டும். 20டபிள்யூ என்றால் மைனஸ் 20 வரைதான். பின்னால் இருக்கும் எண் 100 டிகிரி சூட்டில் உள்ள கனத்தைச் சொல்வது. அந்தச் சூட்டில் 30 கிரேடு ஆயிலின் கனம் 9.3 முதல் 12.5 வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. கோவையில் மைனஸ் 20 எங்கே வரப்போகிறது என்று கேட்பீர்கள். வராது. ஆனால் காலையில் வண்டியை எடுக்கும்போது இருக்கும் சாதாரண வெப்பத்திலேயே 20டபிள்யூ-50, 5டபிள்யூ-30ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் கனமாக இருக்கும். டர்போ தண்டுக்குப் போய்ச் சேர அதற்கு அதிக நேரம் பிடிக்கும்.

வெளியே வெயில் 40 டிகிரி இருந்தாலும் 15 டிகிரி இருந்தாலும், தெர்மோஸ்டாட் கூலன்ட்டை 90 டிகிரி பக்கத்தில் நிறுத்தத்தான் பார்க்கும். ஊர் வெயிலை வைத்து ஆயிலை முடிவு செய்வதில் அதனால் பாதி அர்த்தம் போய்விடுகிறது. அந்த மெக்கானிக்கை நான் முட்டாள் என்று சொல்லமாட்டேன். அவர் தொழில் கற்ற காலத்து என்ஜின்களுக்கு அவர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். மேனுவலில் இரண்டு கிரேடுகளை அனுமதித்திருந்தால் நானும் நம் ஊருக்குக் கனமானதையே எடுப்பேன். மேனுவலில் இல்லாததை எடுப்பதுதான் தவறு.

என் கருத்தில் கிரேடைவிட முக்கியமானது, டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் தர எண். அமெரிக்காவின் ஏபிஐ அமைப்பு பெட்ரோல் ஆயில்களுக்கு எஸ் என்று தொடங்கும் எழுத்துகளைத் தருகிறது. அப்பாவின் காரில் ஊற்றிய பேரலில் எஸ்எல் என்று இருந்தது. அது 2001ல் வந்த தரம்! 2020ல் எஸ்பி வந்தது, 2025ல் எஸ்க்யூ வந்திருக்கிறது. இது வெறும் எழுத்து மாற்றம் இல்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் உள்ள டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஆக்சிலேட்டரை ஓங்கி மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டனையே உடைக்கக்கூடிய அடி அது. ஆயிலில் சேர்க்கும் கால்சியம் இதைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்த பிறகு ஆயிலின் கலவையையே மாற்றினார்கள். எஸ்பி தரத்துக்கு இந்தச் சோதனையில் தேறியாக வேண்டும், எஸ்எல் காலத்தில் இந்தச் சோதனையே கிடையாது. ஏபிஐ எஸ் வரிசையில் புதியது பழையதற்கும் பொருந்தும். யுஎஸ்பி 3 போர்ட்டில் பழைய பென் டிரைவ் வேலை செய்கிறதே, அது போல.

ஐரோப்பியக் கார்களுக்கு இது மட்டும் போதாது. ஃபோக்ஸ்வேகன் 504 00 போல அந்தந்தக் கம்பெனியே எண் வைத்திருக்கும். இங்கே ஒரு வார்த்தை விளையாட்டு உண்டு. 'அப்ரூவல்' என்று போட்டிருந்தால் கார் கம்பெனி சோதித்து அனுமதித்தது. 'ரெக்கமண்டட் ஃபார்' என்று போட்டிருந்தால் ஆயில் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் நமக்கும் டர்போவுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இன்றைய டீசல் கார்கள் எல்லாமே டர்போதான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு புகைக்குழாயில் ஒரு ஃபில்டரும் சேர்ந்துவிட்டது. ஆயிலில் உள்ள உலோகச் சாம்பல் அதை அடைக்கும். அதற்காகவே சாம்பல் குறைந்த ஆயில்கள் இருக்கின்றன. ஏசிஇஏ சி2, சி3 என்று சி வரிசையில் தேடுங்கள்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதை நான் படிப்பதையே விட்டுவிட்டேன். 'டர்போ' என்று எழுதிய பல டப்பாக்கள் லாரிகளுக்கான 15டபிள்யூ-40 டீசல் ஆயில். (486 காலத்துக் கம்ப்யூட்டர் கேபினெட்டிலும் டர்போ என்று ஒரு பட்டன் இருந்தது. பழைய கேம்கள் தலைதெறிக்க ஓடாமல் இருக்க, கம்ப்யூட்டரின் வேகத்தைக் குறைக்கத்தான் அது பயன்பட்டது!) 'சிந்தெடிக்' என்ற சொல்லும் அப்படித்தான். கச்சா எண்ணெயில் இருந்தே கடுமையாகச் சுத்திகரித்து எடுப்பதையும் சிந்தெடிக் என்று விற்கலாமா என்று அமெரிக்காவில் மொபில், காஸ்ட்ரால் இடையே தகராறு வந்து, 1999ல் விற்கலாம் என்று முடிவானது. அந்த ஆயில்கள் மோசம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல்லை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதேபோல ரேஸ் கார்களுக்கான 10டபிள்யூ-60ஐ வீட்டுக் காருக்கு ஊற்றுவது, கடிதம் டைப் செய்ய விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போடுவது போன்றது. கிராபிக்ஸ் கார்டால் மதர்போர்டுக்கு ஆபத்தில்லை, இந்த ஆயிலால் என்ஜினுக்கு உண்டு.

புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரை இதற்குப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கார் கம்பெனிகள் ஓனர்ஸ் மேனுவலை பிடிஎஃப் ஆகத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன. டவுன்லோடு செய்து திறந்து, கண்ட்ரோலும் எஃப் எழுத்தும் சேர்த்து அழுத்தி 'ஆயில்' என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். கிரேடு, தர எண், எத்தனை லிட்டர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏபிஐயின் தளத்தில் லைசென்ஸ் பெற்ற ஆயில்களின் பட்டியலும் இருக்கிறது. பேரல் ஆயிலை விட்டுவிட்டு, சீல் உடையாத டப்பாவை நீங்களே வாங்கிக் கொடுங்கள். உங்கள் கண் முன்னால் ஊற்றச் சொல்லுங்கள்.

போன மாதம் அப்பாவோடு ஆயில் வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் நீட்டிய டப்பாவை வாங்கித் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தார். சட்டைப் பையில் இருந்து நான் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எஸ்பி இருக்குதுங்க. முப்பதுன்னு போட்டிருக்கு, என் வண்டிக்கு இருபது. வேற இருக்குங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் ஒரு நிமிடம் அவரையே பார்த்துவிட்டு உள்ளே போனார்.