கண்டித்தவர்களே வாக்களித்தார்கள்: ட்ரம்ப் காணொளி சொல்லும் பாடம்

2016 ஒக்டோபர் 7 ஆம் திகதி வெள்ளிக்கிழமை வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை ஒரு பழைய காணொளியை வெளியிட்டது. 2005 ஆம் ஆண்டு, தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் படப்பிடிப்புக்காக பஸ்ஸில் வந்துகொண்டிருந்த டொனால்ட் ட்ரம்ப், தன்னோடு இருந்த அறிவிப்பாளரிடம் பெண்களைப் பற்றிப் பேசியது அதில் பதிவாகியிருந்தது. திருமணமான ஒரு பெண்ணைத் தன் வலையில் விழுத்த முயன்றதாகச் சொல்கிறார். பிரபலமான ஒருவன் பெண்களிடம் எதைச் செய்தாலும் அவர்கள் இடம் கொடுப்பார்கள், அனுமதி கேட்கத் தேவையே இல்லை என்ற பொருளில் பெருமையடிக்கிறார். அவர் பயன்படுத்திய வார்த்தைகளை இங்கு எழுத முடியாது. அமெரிக்கத் தொலைக்காட்சிகளே பல இடங்களில் அவற்றை மறைத்துத்தான் ஒலிபரப்பின.

அன்றிரவு பல ஆய்வாளர்கள் ட்ரம்பின் கதை முடிந்தது என்றார்கள். அவருடைய சொந்தக் கட்சியிலேயே பலர் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் சரியாக 32 நாட்களின் பின், நவம்பர் 8 ஆம் திகதி, அதே மனிதர் அமெரிக்காவின் அடுத்த ஜனாதிபதியாகத் தெரிவானார். மொத்த வாக்குகளில் ஹிலாரி கிளின்டனே முன்னணியில் இருந்தார் என்பது உண்மை. ஆனாலும் வெற்றிக்குத் தேவையான 270 தேர்வாளர் வாக்குகளை ட்ரம்ப் தாண்டிவிட்டார்.

அப்படியானால் அந்த ஒரு வாரம் அமெரிக்கா முழுவதும் எழுந்த கொதிப்பு எங்கே போனது? ட்ரம்ப் எப்படிப்பட்டவர் என்பதை நாம் ஏற்கனவே அறிவோம். நாம் யோசிக்க வேண்டியது, அவரைக் கண்டித்தவர்களைப் பற்றித்தான்.

மகளின் முகத்தைப் பார்க்க முடியாதென்றவர்

காணொளி வெளியான 48 மணித்தியாலங்களுக்குள் குடியரசுக் கட்சியின் கூடாரம் கலகலத்தது. 2008 இல் அக்கட்சியின் ஜனாதிபதி வேட்பாளராக இருந்த ஜோன் மெக்கெயின் தன் ஆதரவை விலக்கிக்கொண்டார். முன்னாள் இராஜாங்கச் செயலாளர் கொண்டலீசா ரைஸ், ட்ரம்ப் போட்டியிலிருந்து விலக வேண்டும் என்றார். சபாநாயகர் போல் ரயன், தன்னுடைய விஸ்கொன்சின் மாநிலக் கூட்டத்துக்கு ட்ரம்ப் வரவேண்டாம் என்று அறிவித்தார். துணை ஜனாதிபதி வேட்பாளர் மைக் பென்ஸ்கூட, ஒரு கணவனாகவும் தந்தையாகவும் தான் புண்பட்டதாக அறிக்கை விட்டார்.

யூட்டா மாநிலத்தின் காங்கிரஸ் உறுப்பினர் ஜேசன் சாஃபெட்ஸ் சொன்னதை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். ட்ரம்பை ஆதரித்துக்கொண்டு தன் 15 வயது மகளின் முகத்தைத் தன்னால் ஏறெடுத்துப் பார்க்க முடியாது என்று அவர் உருக்கமாகச் சொல்லி ஆதரவை விலக்கினார். அதே மாதம் 26 ஆம் திகதி அவர் என்ன செய்தார்? ட்ரம்பை ஆதரிக்க மாட்டேன், ஆனால் வாக்களிப்பேன் என்று டுவிட்டரில் எழுதினார். நெப்ராஸ்கா மாநில செனட் உறுப்பினர் டெப் ஃபிஷரின் மனமாற்றம் இன்னும் வேகமானது. ட்ரம்ப் ஒதுங்க வேண்டும் என்று சொன்னவர், சில நாட்களிலேயே அவருக்குத்தான் தன் வாக்கு என்றார். போல் ரயன் இனி ட்ரம்புக்காக வாதாட மாட்டேன் என்றாரே தவிர, ஆதரவை முறைப்படி வாபஸ் பெறவேயில்லை.

சொன்ன சொல்லில் நின்றவர்களும் இருந்தார்கள். நியூ ஹாம்ப்ஷயர் செனட் உறுப்பினர் கெலி அயோட் ஆதரவை விலக்கி, கடைசி வரை அதில் உறுதியாக இருந்தார். மிகச் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் அவர் தன் ஆசனத்தை இழந்தார். தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த தேர்தலில் நிற்கப்போகும் அரசியல்வாதிகள் இதிலிருந்து என்ன கணக்குப் போடுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

“எங்கள் மனைவியர், எங்கள் மகள்மார்”

கட்சித் தலைவர்களின் கண்டனங்களைக் கூர்ந்து வாசித்தால் ஒரு பொது அம்சம் தெரியும். பென்ஸ் கணவனாகவும் தந்தையாகவும் பேசினார். செனட் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கொனல் மூன்று பெண் பிள்ளைகளின் தந்தையாகப் பேசினார். மிட் ரொம்னி நமது மனைவியரும் மகள்மாரும் இழிவுபடுத்தப்பட்டதாகச் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பெண்ணுக்குரிய மரியாதை, அவள் யாருடைய மகள் என்பதைப் பொறுத்ததா?

இந்தக் கேள்வி வீணானதல்ல என்பதற்கு, அந்தக் காணொளிக்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த ஒரு சம்பவமே சாட்சி. ஜூலை மாத இறுதியில் பிலடெல்பியாவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில், கிஸ்ர் கான் என்ற முஸ்லிம் தந்தை உரையாற்றினார். அவருடைய மகன் கப்டன் ஹுமாயூன் கான், அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றி 2004 இல் ஈராக்கில் கொல்லப்பட்டவர். கணவர் பேசும்போது தலையில் துணி போர்த்தியபடி பக்கத்தில் மௌனமாக நின்றார் தாய் கஸாலா கான். அடுத்த சில நாட்களில் ட்ரம்ப் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றில், அந்தப் பெண்ணுக்குப் பேச அனுமதி இல்லையோ என்று நையாண்டியாகக் கேட்டார். மகனின் படத்தைப் பார்த்தால் தன்னால் பேச முடியாமல் போகும் என்பதாலேயே மௌனமாக நின்றதாக கஸாலா கான் பின்னர் பத்திரிகையில் எழுத வேண்டியிருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், தன் கண்ணீருக்கு விளக்கம் கொடுக்க நேர்ந்தது.

அப்போதும் கட்சித் தலைவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். மெக்கெயினும் ரயனும் கண்டித்தார்கள். ஆனால் அந்த வாரம் அவர்கள் ஆதரவை விலக்கவில்லை. முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதை முற்றாகத் தடுக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் ட்ரம்ப் அறிவித்தபோதும், மெக்சிக்கோ வம்சாவளி நீதிபதி ஒருவர் தன் வழக்கில் நியாயமாக நடக்க மாட்டார் என்று சொன்னபோதும் இதுவே நடந்தது. கண்டனம் வந்தது, ஆதரவும் தொடர்ந்தது. கஸாலா கான் அவர்களுடைய மனைவியுமல்ல, மகளுமல்ல என்பதுதான் வித்தியாசம். மரியாதைக்குரியவள் என் வீட்டுப் பெண் மட்டுமே என்றால், அடுத்த வீட்டுப் பெண்ணை இழிவாகப் பேசியவன் பெரிய தவறு செய்தவனாகத் தெரிய மாட்டான். அப்படி எழும் கோபம், வேறொரு தேவை வந்ததும் அடங்கிவிடும்.

பெண்கள் பேசிய விதம்

பெண்களின் எதிர்வினை வேறு விதமாக இருந்தது. காணொளி வெளியான அதே இரவில் ஒரு பெண் எழுத்தாளர், தனக்கு நேர்ந்த முதல் அத்துமீறல்களை டுவிட்டரில் எழுதி மற்றவர்களையும் எழுத அழைத்தார். பஸ்ஸிலும் பாடசாலையிலும் வேலைத்தளத்திலும் சொந்த வீட்டிலும் நடந்தவற்றை ஆயிரக்கணக்கான பெண்கள் எழுதினார்கள். பலர் அதுவரை எவரிடமும் வாய் திறக்காதவர்கள். ட்ரம்ப் சொன்னதை அவர்கள் ஒரு கெட்ட வார்த்தையாக மட்டும் கேட்கவில்லை. தமக்கு நடந்த ஒன்றைச் செய்தவனே வாயால் ஒப்புக்கொள்வது போலக் கேட்டார்கள்.

ட்ரம்ப் இதை ஆண்கள் உடைமாற்றும் அறையில் பேசும் வெற்றுப் பேச்சு என்று தட்டிக்கழித்தார். ஒக்டோபர் 13 ஆம் திகதி நியூ ஹாம்ப்ஷயரில் பேசிய மிச்செல் ஒபாமா இதற்குப் பதில் சொன்னார். இது வழமையான ஆண்களின் பேச்சுத்தான் என்று சொல்வது, கண்ணியமான ஆண்கள் அனைவரையும் அவமதிப்பதாகும் என்றார் அவர். பல விளையாட்டு வீரர்களும் தமது அறைகளில் இப்படிப் பேசுவதில்லை என்று மறுத்தார்கள்.

அதற்கு முந்திய நாள் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் இரண்டு பெண்கள் தம்மிடம் ட்ரம்ப் அத்துமீறியதாகக் கூறியிருந்தார்கள். தொடர்ந்து மேலும் பலர் முன்வந்தார்கள். அனைவரையும் பொய்யர்கள் என்றார் ட்ரம்ப். ஒரு பெண்ணின் தோற்றத்தைச் சுட்டி, இவரையா நான் தொடுவேன் என்ற பாணியில் கூட்டத்தில் கேட்டார். தேர்தலுக்குப் பின் வழக்குப் போடுவேன் என்றும் மிரட்டினார். ஒக்டோபர் 28 இல் ஹிலாரியின் மின்னஞ்சல் விவகாரம் தொடர்பான எப்.பி.ஐ. பணிப்பாளரின் கடிதம் வெளியானதும் ஊடகங்களின் கவனம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. பேச முன்வந்த பெண்கள் பின்தள்ளப்பட்டார்கள்.

அளவுகோல் மாறிய ஒரு மதச் சமூகம்

வாக்களித்துவிட்டு வந்தவர்களிடம் நடத்தப்பட்ட கருத்துக் கணிப்பில், 10 பேரில் சுமார் 7 பேர் ட்ரம்ப் பெண்களை நடத்தும் விதம் தம்மை ஓரளவேனும் உறுத்துவதாகச் சொன்னார்கள். ஆனாலும் அவர்களில் கணிசமானோர் அவருக்கே வாக்களித்தார்கள். பெண்களில் 54 வீதமானோர் ஹிலாரியைத் தெரிவு செய்ய, வெள்ளை இனப் பெண்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் ட்ரம்பைத் தெரிவு செய்ததாகவே அந்தக் கணிப்பு காட்டுகிறது.

எம்மைப் போன்ற ஒரு மதச் சமூகம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது எவஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களின் நிலைப்பாடு. ஒழுக்கம், குடும்பம், கற்பு என்பவற்றை அரசியலின் மையத்தில் வைத்துப் பேசிவந்தவர்கள் அவர்கள். 1998 இல் பில் கிளின்டனின் தகாத உறவு அம்பலமானபோது, ஒழுக்கமில்லாதவன் நாட்டை ஆள முடியாது என்று மிக உரத்துச் சொன்னவர்களும் அவர்கள்தான். தனிப்பட்ட வாழ்வில் ஒழுக்கம் தவறிய ஒருவர் பொதுப் பதவியில் நேர்மையாக நடக்க முடியுமா என்று 2011 இல் பி.ஆர்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனம் கேட்டபோது, வெள்ளை இன எவஞ்சலிக்கல் கிறிஸ்தவர்களில் 30 வீதமானோரே முடியும் என்றார்கள். 2016 ஒக்டோபரில் அதே கேள்விக்கு 72 வீதமானோர் முடியும் என்று சொன்னார்கள். ஐந்தே ஆண்டுகளில் இந்த மாற்றம். அவர்களுடைய வேதம் மாறவில்லை. மாறியது, அவர்கள் ஆதரிக்க வேண்டியிருந்த வேட்பாளர்.

காரணம் வெளிப்படையானது. 2016 பெப்ரவரியில் மரணமான நீதியரசர் ஸ்காலியாவின் இடம் உச்ச நீதிமன்றத்தில் அப்போது வெற்றிடமாக இருந்தது. அந்த ஆசனத்தில் தமக்கு விருப்பமானவர் அமர வேண்டும் என்பது அவர்களின் பேரமாக இருந்தது. அவர்களுக்குள்ளிருந்தே எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களும் இருந்தார்கள். ஆனால் 10 பேரில் 8 பேர் ட்ரம்புக்கு வாக்களித்தார்கள். நாளை அவர்கள் ஒழுக்கத்தைப் பற்றி இளைஞர்களிடம் பேசும்போது, அன்று எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வி எழும். ஓர் ஆசனத்தைப் பெறுவதற்காக அவர்கள் விற்றது, தமது பேச்சுக்கு இருந்த மதிப்பை.

நம் பக்கம்

ட்ரம்பின் பேச்சைக் கேட்டு இலங்கையில் நாமும் முகம் சுளித்தோம். முகநூலில் கண்டனங்களைப் பகிர்ந்தோம். முஸ்லிம்களுக்கு எதிரானவர் என்பதால் அது எமக்குச் சுலபமாகவும் இருந்தது. நாம் ஆதரிக்கும் ஒருவர் அப்படிப் பேசினால் என்ன செய்வோம் என்பதுதான் சோதனை.

எமது பாராளுமன்றத்தில் 2012 இல் ரோஸி சேனாநாயக்க எதிர்க்கட்சி உறுப்பினராகக் கேள்வி எழுப்பியபோது, பொறுப்பான அமைச்சர் கேள்விக்குப் பதில் சொல்வதை விட்டு அவருடைய அழகைப் பற்றிப் பேசினார். அந்த அமைச்சரின் பதவிக்கு எந்தக் குறைவும் வரவில்லை. 2016 இல் 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் பெண்கள் 13 பேர் மட்டுமே இருந்தார்கள். அவர்களில் ஒரு முஸ்லிம் பெண்ணும் இருக்கவில்லை. மர்ஹூம் அஷ்ரபின் மறைவுக்குப் பின் 2000 ஆம் ஆண்டு பாராளுமன்றம் சென்று அமைச்சராகவும் இருந்த பேரியல் அஷ்ரபின் பின், அந்த இடத்தை நிரப்ப எமது கட்சிகள் அக்கறை காட்டவில்லை.

 உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. அந்தச் சட்டத்தின்படி நடக்கும் தேர்தல்களில் கல்முனையிலிருந்து புத்தளம் வரை, முஸ்லிம் பெண்களின் பெயர்களும் வேட்பாளர் பட்டியலில் வரும். அவர்களில் ஆசிரியைகள் இருப்பார்கள், விதவைகள் இருப்பார்கள், சமூக சேவை செய்பவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய உடை, குடும்பம், வெளியில் போய்வரும் நேரம் என்று எல்லாவற்றையும் பற்றி மேடையிலும் முகநூலிலும் பேச ஆட்கள் வருவார்கள். அப்படிப் பேசுபவர் மாற்றுக் கட்சிக்காரராக இருந்தால் நாம் கொதிப்போம். நம் ஊருக்குப் பாதை போட்டுத் தந்தவராக, பிள்ளைக்கு வேலை எடுத்துத் தந்தவராக இருந்தால்?

ட்ரம்ப் வென்ற அதே நாளில், மினசோட்டா மாநில சட்டசபைக்கு ஹிஜாப் அணியும் சோமாலிய அகதிப் பெண் இல்ஹான் ஓமர் தெரிவானார். தேர்தலுக்கு இரண்டு நாட்களுக்கு முன் ட்ரம்ப் அதே மாநிலத்துக்கு வந்து சோமாலிய அகதிகளுக்கு எதிராகப் பேசிவிட்டுப் போயிருந்தார். இல்ஹானின் தொகுதி மக்களில் பெரும்பாலானோர் சோமாலியர் அல்லர், முஸ்லிம்களும் அல்லர். தம் வீட்டுப் பெண் என்பதற்காக அவர்கள் வாக்களிக்கவில்லை. தகுதியான பெண் என்று கண்டு வாக்களித்தார்கள்.

அமெரிக்க மக்கள் கண்டிக்கத் தவறவில்லை. கண்டனத்துக்கு ஏற்றபடி வாக்களிக்கத்தான் பலர் தவறினார்கள். உள்ளூராட்சித் தேர்தல்களுக்கு வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் கூட்டங்கள் எமது ஊர்களிலும் நடக்கும். ஒருவர் எவ்வளவு செலவழிப்பார், எத்தனை வாக்கு கொண்டுவருவார் என்று கேட்கும்போது, அவர் பெண்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்போம். அவர் நம்மவராக இருந்தாலும் கேட்போம்.