தஞ்சைவாளின் ஆய்வு தமிழில் நிகழ்க!

கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் துருவேறிய இரும்பைப் பொறுக்கி, எடையிட்டு விற்று, வயிறு கழுவுவார் பலர். அஃது அவர்தம் பிழைப்பு. தஞ்சை அரண்மனைப் படைக்கலங்களை ஆங்கில ஆட்சியர் பழைய இரும்பாக்கி விற்றனரே, அதற்கு என்ன பெயர்?

1855இல் இரண்டாம் சிவாசி ஆண்வழியின்றி இறந்தபின் அவ் அரண்மனைச் செல்வம் அவர்கைப் பட்டது. தேர்ந்தெடுத்த படைக்கலங்கள் 1863இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. எஞ்சியவற்றுட் பெரும்பகுதி உடைபட்டு அழிந்தது. ஆங்கில அலுவலர் வால்ஃகவுசு என்பாரே 1878இல் இதனை எழுதிவைத்தார்.

தப்பியவையேனும் உரியவாறு ஆராயப்பெற வேண்டாவா? அவற்றை விரிவாக ஆராய்ந்து 2004இல் நூல் வெளியிட்டவர் இராபர்ட்டு எல்குடு என்னும் ஆங்கிலேயர். அவருழைப்பு போற்றத்தக்கதே. ஆயினும் தஞ்சைவாளைப் பற்றி அறியத் தமிழ்மாணவன் ஆங்கிலத்தின் வாயிலில் நிற்க வேண்டியுளது.

கருவியில்லை என்று கைவிரித்தற்கும் இடமில்லை. எழும்பூரில் 1930இலேயே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. பரமசிவன் என்னும் தமிழர் களிம்பேறிய செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் அங்கு மீட்டார். திருமேனிக்குக் கிட்டிய பேணுகை வாளுக்கும் கிட்டுக.

வாளாராய்ச்சி எளிதன்று. தஞ்சைக் குத்துவாள்களுட் சிலவற்றின் பிடி தென்னாட்டது, அலகோ ஐரோப்பியது. எவ்வலகு கடல்கடந்து வந்தது, எவ்வலகு உள்நாட்டு உருக்கு என்பதைக் கண்ணால் மட்டும் துணிய இயலாது. மாழையின் உள்ளமைப்பை நுண்ணாடியிற் காணல் வேண்டும். அதனோடு உலைக்களத்தில் முதுகு வளைந்த கொல்லன் கண்ணும் வேண்டும். அத்தகைய கைகள் வடசென்னைப் பட்டறைகளில் இன்றும் உள. பட்டம் பெற்றார் அவர்களை அழைத்துக் கேட்டால் இழுக்கென்ன?

பெயர்க்கேடு வேறு. தஞ்சைக் கொட்டிலிலிருந்து வந்த யானைக்கோட்டு வளரிகள் இரண்டையும் தர்சுடன் ‘பூமராங்கு’ என்றே எழுதினார். ஆத்திரேலியர் சொல் கள்ளர்நாட்டுக் கருவிக்கு எற்றுக்கு?

இங்கிலாந்தின் லீட்சு நகரில் படைக்கலங்கட்கென்றே 1996இல் திறந்த காட்சியகத்தில் தனி நூலகமும் வல்லுநரும் உளர். சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் மனைவி 1801இல் கொண்டுசென்ற யானை மெய்யுறையும் இன்று அங்கேதான் உள்ளது. அங்கு இயல்வது எழும்பூரில் ஏன் இயலாது?

ஒவ்வொரு படைக்கலத்திற்கும் தமிழ்ப்பெயரும், நீளமும், எடையும், வந்த வழியும் பொறித்த தமிழ் விளக்கப்பட்டி ஒன்றைத் தமிழக அரசு வெளியிடல் வேண்டும். கொடுங்கையூர்க் கொல்லன் மகன் அதனைக் காசின்றிப் படிக்க எழும்பூரில் ஒரு மேசையும் இடுதல் வேண்டும்.