எலியைக் காட்டிச் சிரிக்கும் அரசியலும் சிறுநீரகத்தின் ‘மூக்கும்’

2025 மார்ச் 4ஆம் திகதி அமெரிக்க காங்கிரஸில் உரையாற்றிய ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப், அரச பணம் வீணாவதற்கு உதாரணமாக ஆய்வுகூட எலிகளை இழுத்தார். எலிகளைப் பால்மாற்றுவதற்கு 80 இலட்சம் டொலர் செலவிடப்பட்டதாம். பின்னர் வெள்ளை மாளிகை வெளியிட்ட பட்டியலைப் பார்த்தால், அதில் இருந்தவை ஆஸ்துமா, மார்பகப் புற்றுநோய், எச்.ஐ.வி. தடுப்பூசி ஆகியவற்றில் ஹோர்மோன்களின் விளைவை எலிகளில் ஆராய்ந்த திட்டங்கள். அதே ஆண்டில் அவரது நிர்வாகம், தேசிய சுகாதார நிறுவகங்களின் ஏறத்தாழ 4,700 கோடி டொலர் நிதியில் கிட்டத்தட்ட 40 சதவீதத்தைக் குறைக்க முன்மொழிந்தது. ஜூலையில் செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழு அதை நிராகரித்தது. ஆனால் ஏளனம் நிற்கவில்லை.

ஊடகக் கற்கைகள் படித்த எனக்கு இந்த உத்தி பழக்கமானது. ஒரு ஆய்வின் தலைப்பை மட்டும் பிடுங்கி எடுத்தால் எதையும் கேலிக்கூத்தாக்கலாம். ‘மூக்கில் இருக்க வேண்டியதைச் சிறுநீரகத்தில் தேட அரச பணம்’ என்று ஒரு தலைப்பை நாளைக்கே போடலாம். அப்படி ஒரு ஆய்வு உண்மையிலேயே நடந்தது.

நமது உடற்கலங்களில் பெரும்பாலானவற்றில் மயிரிழை போன்ற ஒரு நுண்ணிய நீட்சி இருக்கிறது. பாடசாலை உயிரியலில் பிசிர் என்று படித்திருப்போம். மூக்கில் மணத்தை உணரும் நரம்புக் கலங்களின் நுனியில் பிசிர்கள் கொத்தாக இருக்கின்றன. சிறுநீரகக் குழாய்க் கலங்களில் ஒவ்வொன்றாக நிற்கின்றன. சிறுநீரகத்தில் இருப்பதை 1898 இலேயே சிம்மர்மன் என்பவர் விபரித்திருந்தார். அதன்பின் பல தசாப்தங்களாக, பரிணாமத்தில் மிஞ்சிப்போன பயனற்ற உறுப்பு என்றே அதை ஒதுக்கி வைத்தார்கள்.

திருப்பம் வந்தது ஒரு பாசியிலிருந்து. 1993 இல் யேல் பல்கலைக்கழகத்தில், குளத்து நீரில் வாழும் கிளமிடோமோனாஸின் இரண்டு வால்களுக்குள் பொருட்கள் மேலும் கீழும் ஏற்றிச் செல்லப்படுவதைக் கண்டார்கள். வால் வளர்வதற்குத் தேவையான புரதங்களைத் தேடியபோது, சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளுடன் பிறக்கும் ஒரு எலி இனத்தில் பழுதடைந்திருந்த அதே பரம்பரை அலகு அங்கும் அகப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் அந்த எலிகளின் சிறுநீரகத்தைப் பார்த்தார்கள். பிசிர்கள் குட்டையாக இருந்தன.

இதன் பெறுமதி பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயுள்ள குடும்பங்களுக்குத் தெரியும். பெரியவர்களில் வெளிப்படும் அதன் பொதுவான வகையில், தாய் அல்லது தந்தைக்கு நோய் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. இன்று அது பிசிரோடு தொடர்புடைய நோயாக ஆராயப்படுகிறது. (நமது வடமத்திய மாகாண விவசாயிகளைப் பாதிக்கும் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் இதுவல்ல.)

அதே பரம்பரை அலகு மூக்கிலும் வேலை செய்கிறது. 2012 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி மார்ட்டன்ஸ் குழுவினர், அது பழுதானதால் மணம் அறியாதிருந்த எலிகளின் மூக்கில் சரியான பிரதியைச் செலுத்தினார்கள். பிசிர்கள் மீண்டும் முளைத்தன. எலிகள் மணத்தை உணர்ந்தன.

மூக்கிலிருந்து சிறுநீரகத்துக்குப் போன இன்னொரு பாதையும் உண்டு. மணத்தை உணரும் வாங்கிகளின் பரம்பரை அலகுகளை லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவரும் 1991 இல் கண்டறிந்து 2004 இல் நோபல் பரிசு பெற்றார்கள். 2009 இல், யேலில் மைக்கல் காப்லானுடன் பணியாற்றிய உடற்றொழிலியலாளர் ஜெனிபர் புளுஸ்னிக், அந்த வாங்கிகள் சில சிறுநீரகத்திலும் இருப்பதை வெளியிட்டார். பின்னர் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் 2013 இல் காட்டியது இன்னும் சுவாரசியமானது. குடல் பக்டீரியாக்கள் நார்ச்சத்தை நொதிக்கச் செய்து உண்டாக்கும் சிறிய அமிலங்களை, ஓல்ஃப்ஆர் 78 என்ற வாங்கி சிறுநீரகத்தின் இரத்தக்குழாய்களில் உணர்கிறது. அதன்வழி ரெனின் சுரப்பும் குருதி அமுக்கமும் மாறுகின்றன. அந்த வாங்கி இல்லாத எலிகளின் குருதி அமுக்கம் குறைவாக இருந்தது.

ஊடகங்கள் இதை ‘சிறுநீரகம் மணக்கிறது’ என்று எழுதின. சிறுநீரகத்துக்கு மல்லிகை மணம் தெரியாது. ஒரு இரசாயனத்தை அடையாளம் காணும் பூட்டு, உடலில் இரண்டு இடங்களில் பயன்படுகிறது, அவ்வளவுதான். இவற்றில் பெரும்பகுதி எலிகளில் கண்டவை. இதை வைத்து எவரும் தமது குருதி அமுக்க மாத்திரையை நிறுத்தக்கூடாது. மிகைப்படுத்தும் செய்தியும் ஏளனம் செய்யும் அரசியலும் ஒரே தவறையே செய்கின்றன: இரண்டும் ஆய்வை வாசிப்பதில்லை.

வரி கட்டுபவர் கணக்குக் கேட்பது நியாயம். மருந்துத் தட்டுப்பாட்டை அனுபவித்த நம்மைப் போன்ற நாட்டில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. ஆனால் கணக்குக் கேட்பவர் ஆய்வின் முறையையும் முடிவையும் கேட்பார். தலைப்பைப் பார்த்துச் சிரிக்க மாட்டார். 1993 இல் யாராவது ‘இந்தப் பாசியால் எந்த நோயாளிக்குப் பலன்?’ என்று கேட்டிருந்தால், ஆய்வுகூடத்தில் எவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. பதில் கிடைக்க ஏழு ஆண்டுகள் ஆயின.

இந்த ஆய்வுகளுக்கான காசு நம்முடையதல்ல. ஆனால் நம் வைத்தியசாலைகள் பயன்படுத்தும் அறிவில் பெரும்பகுதி வெளிநாட்டு ஆய்வுகூடங்களிலிருந்து வருவது. அங்கே இன்று மூடப்படும் ஒரு ஆய்வுகூடத்தின் இழப்பு, நமக்கு ஒரு செய்தியாகக்கூட வந்து சேராது. நடக்காமல் போன கண்டுபிடிப்பைப் பற்றி எந்தச் செய்தி நிறுவனமும் எழுதுவதில்லை.