தஃப்தரில் எழுதப்படாத தொகை



கொல்லிமலையின் 14 நாடுகளுள் தேவனூர் நாடும் ஒன்று. மிளகும் மலைவாழையும் வாங்குவதற்காக என் அத்தா காலத்திலிருந்தே அம்மலைக்கு ஏறி இறங்கும் குடும்பம் எங்களுடையது. காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். எங்களுக்கு மிளகு தரும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு தம் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு அழைத்தார், சென்றேன். அவர்கள் மலையாளிப் பழங்குடியினர். இப்பெயருக்கும் கேரளத்தாருக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தோரின் வழித்தோன்றல்கள் என்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் தமிழ் மக்கள்.

ஊரே திரண்டிருந்தது. பெரியவர்கள் முன்னிலையில் மணமகன் வீட்டார் பரிசப் பணத்தை எண்ணி வைத்தார்கள். எவ்வளவு என்பது கடைசியில் நின்ற சிறுவனுக்கும் கேட்டது. பெண் எடுக்கிறவன் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும் என்பது அம்மக்களின் பழைய மரபு. பணமாகவும் தானியமாகவும் கொடுப்பது வழக்கமாம்.

பந்தியில் என் அருகே அமர்ந்திருந்த விவசாயி கேட்டார்: “உங்க பக்கம் பரிசம் எவ்வளவு வரும் பாய்?”

நான் மிகுந்த பெருமிதத்தோடு விளக்கினேன். எங்கள் மார்க்கத்தில் அதற்கு மஹர் என்று பெயர். ஆண்தான் கொடுக்க வேண்டும். அதுவும் பெண்ணின் தகப்பனிடமன்று, பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும். அதில் வேறு எவருக்கும் உரிமையில்லை என்றேன். அவர் வியந்தார். “அப்ப, பொண்ணு பெத்தவங்களுக்குச் செலவே இல்லைன்னு சொல்லுங்க” என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மலைக்குக் கீழே எங்கள் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நிக்காஹ். மண்டபம் நிறைந்திருந்தது. வெளிநாட்டிலிருந்தும் வந்திருந்தார்கள், பேசாதிருந்த பங்காளிகள் பேசிக்கொண்டார்கள், ஒரு தெருவே சமையலுக்கு நின்றது. ஊர் ஒற்றுமை என்றால் இதுவன்றோ என்று எவரும் சொல்லிவிடக்கூடிய காட்சி. ஒலிபெருக்கியில் மஹர் அறிவிக்கப்பட்டது: 5,001 ரூபாய். வலீயும் இரு சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள், தஃப்தரில் எழுதப்பட்டது, துஆ ஓதப்பட்டது, நாமும் ஆமீன் சொன்னோம். முந்தைய இரவு பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்ற 25 பவுனையும், இரண்டு லட்ச ரூபாய் ரொக்கத்தையும், வாசலில் மாலையிட்டு நின்ற மோட்டார் சைக்கிளையும் ஒலிபெருக்கி சொல்லவில்லை. ஆனால் அம்மண்டபத்தில் அதை அறியாதவர் ஒருவருமில்லை. ஆண் கொடுத்த தொகை ஏட்டில் ஏறியது. ஆண் வாங்கிய தொகை எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பரிசம் மஹராகாது என்பதை நான் அறிவேன். பரிசம் பெண்ணின் குடும்பத்தைச் சேர்கிறது. மஹர் பெண்ணையே சேர்கிறது. மலையில் நடப்பதை நமக்கு மார்க்கமாக்க நான் வரவில்லை. பெண்களுக்கு அவர்களது மஹரை மனமுவந்து கொடுத்துவிடுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 4-ஆம் வசனம் ஆண்களுக்குக் கட்டளையிட்டிருக்க, அதை ஓதும் நாம் கைநீட்டுகிறோமே, ஓதாத அவர்கள் கொடுக்கிறார்களே என்பதுதான் என் வெட்கம்.

இந்நாட்டின் சட்டம் இயற்றியவர்களுக்குக்கூட நம் மார்க்கத்தில் பணம் எத்திசையில் செல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணைக்கு இலக்கணம் கூறும் இடத்திலேயே, ஷரீஅத் சட்டத்திற்குட்பட்டவர்களின் மஹர் அதில் அடங்காது என்று தனியே விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை நாம் பெருமையோடு பெற்றுக்கொண்டோம். அதே சட்டம் வரதட்சணை வாங்குவோருக்கும் கொடுப்போருக்கும் குறைந்தது 5 ஆண்டுச் சிறை விதிக்கிறது என்பதை மட்டும் மறந்துபோனோம்.

இனி நான் சொல்லப்போவது ஜமாஅத் நிர்வாகிகள் பலருக்கு வருத்தம் தரலாம். தரட்டும்.

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் படியருகே ஒரு தாய் நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட கடிதம். ஏதோ ஓர் ஊர் ஜமாஅத்தின் முத்திரையோடு முத்தவல்லி கையொப்பமிட்டது. இன்னாரின் மகளுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டுள்ளது. குடும்பம் மிகவும் வறியது. இக்குமர் காரியத்திற்கு உதவுமாறு ஜமாஅத்தார்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாம் பத்தோ நூறோ போடுகிறோம். ரமழானில் என்றால் ஸகாத்தையே எடுத்துக் கொடுக்கிறோம். நெஞ்சு நிறைந்து வீட்டுக்குப் போகிறோம்.

அந்தப் பணம் எங்கே போகிறது? அத்தாய் அதில் ஒரு வேளை பிரியாணிகூட உண்பதில்லை. அது முழுவதும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. ஸகாத் பெறத் தகுதியானவர் யார் என்று ஏழெட்டுப் பக்கம் நோட்டீஸ் அச்சடிக்கும் நாம், ஓர் ஏழைத் தாயின் கை வழியாக, ஓடும் கடையும் ஓட்டு வீடும் உடைய ஓர் இளைஞனுக்கு ஸகாத் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஸகாத் கடமையாகும் தங்கத்தின் அளவு ஏறத்தாழ 11 பவுன். ஸகாத் வாங்கும் நிலையிலுள்ள ஒருத்தியிடம் 25 பவுன் கேட்பவன், அவளைப் போல் இருவர் செல்வந்தராகும் அளவைக் கேட்கிறான். கடிதம் கொடுத்த ஜமாஅத்துக்கு இது தெரியும். யார் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பதும் தெரியும். கேட்டவனும் பெரும்பாலும் இதே சுற்றுவட்டார ஜமாஅத் ஒன்றின் சந்தாதாரன்தான். அவனை அழைத்து, “தம்பி, ஏன் கேட்டாய்?” என்று ஒரு வார்த்தை கேட்பதைவிட, தாயின் கையில் கடிதம் கொடுத்து ஊர் ஊராக அனுப்புவது நிர்வாகத்துக்கு எளிதாக இருக்கிறது. பிறகு அதே முத்திரையோடு அதே நிக்காஹையும் பதிவு செய்கிறது.

இதற்கு நான் கேட்ட பதில்கள் பல. “நாங்கள் கேட்கவில்லை, அவர்களாகவே அன்பளிப்பாகச் செய்கிறார்கள்” என்பது முதலாவது. இதை அதிகம் மறுக்க வேண்டியதில்லை. அன்பளிப்பு என்றால் அதைத் தராத வீட்டுப் பெண்ணுக்கும் இதே மரியாதை கிடைக்க வேண்டும்; கிடைக்கிறதா என்பதை மருமகள்களிடம் கேளுங்கள். மற்றொன்று, “பெண்ணுக்கு வாரிசுப் பங்கை முன்கூட்டியே கொடுக்கிறோம்” என்பது. இதுதான் மிகவும் கெட்டிக்காரத்தனமான பதில். வாரிசுரிமை தகப்பன் இறந்தபின் வருவது; அந்நிஸா 11-ஆம் வசனம் வகுத்த கணக்கின்படி மகளுக்குச் சேர்வது; அவள் கணவனுக்கோ மாமனாருக்கோ அதில் ஒரு காசும் கிடையாது. ரொக்கமாகக் கைமாறியது அவள் பங்கு எப்படி ஆகும்? ஆனாலும் தகப்பன் மறைந்து, நிலத்தைப் பிரிக்கும் நாளில் அண்ணன் தம்பிகள் சொல்வது என்ன? “உனக்குத்தான் கல்யாணத்திலேயே செய்தாயிற்றே!” ஒரே பணத்தைக் காட்டி இரண்டு வீட்டிலும் அவளை வெறுங்கையாக்கிவிடுகிறோம்.

ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்களே சீர் கொடுத்தார்களே என்பாரும் உண்டு. கொடுத்தவை ஒரு போர்வை, ஒரு தோல் நீர்ப்பை, புல் அடைத்த ஒரு தலையணை என்று அறிவிப்புகள் கூறுகின்றன. அந்த மணமகன் அலீ (ரலி) தம் போர்க் கவசத்தை மஹராகக் கொடுத்தவர் என்பதை இவர்கள் சொல்வதில்லை. தலையணையைச் சுன்னத்தாக்கியவர்கள் கவசத்தை விட்டுவிட்டார்கள்.

திருமணத்தில் ஊர் கூடுவதை நான் வெறுப்பவனல்லன். நிக்காஹ் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்பதே மார்க்கம். ஆனால் எதற்காகக் கூட வேண்டும்? அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) மதீனாவில் திருமணம் முடித்ததை, அவர் ஆடையில் இருந்த நறுமணப் பொருளின் மஞ்சள் கறையைக் கண்டபிறகே நபி (ஸல்) அறிந்துகொண்டார்கள். அல்லாஹ்வின் தூதருக்கே அழைப்பில்லை. அவர்கள் கோபிக்கவும் இல்லை. என்ன மஹர் கொடுத்தாய் என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம் என்றார் அவர். பரக்கத்துக்காகத் துஆச் செய்து, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு சொன்னார்கள். அழைக்கவில்லை என்பதற்காகப் பத்தாண்டு பேசாமலிருக்கும் உறவினரை நாம் அறிவோம். எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டதற்காகப் பேச்சு நின்றுபோன உறவை எங்கேனும் கண்டிருக்கிறோமா? கேட்டால்தானே நிற்பதற்கு!

வலீமா மணமகனின் கடமை. நம் ஊர்களிலோ நிக்காஹ் நாளின் ஆயிரம் பேர் விருந்து பெண் வீட்டார் தலையில். செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமா உணவே உணவுகளில் மிகக் கெட்டது என்ற ஹதீஸை நாம் அறிவோம். கடன் வாங்கிய ஏழையே செல்வருக்குப் பரிமாறும் விருந்தை என்னவென்று அழைப்பது?

வரதட்சணைத் திருமணங்களில் பங்கெடுப்பதில்லை என்று தமிழகத்தில் தவ்ஹீத் அமைப்புகள் பல்லாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. மற்ற விஷயங்களில் அவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் அவர்கள் கண்டுகொண்டது சரி: ஒரு ஜமாஅத்தின் கையில் பிரம்பு இல்லை, சிறை இல்லை, வருவதும் வராதிருப்பதும் மட்டுமே உண்டு. இதுவரை அந்த வராதிருப்பதை நாம் வேறு பிரிவில் மணமுடித்தவர்கள் மீதும், சந்தா கட்டாதவர்கள் மீதும் தாராளமாகப் பயன்படுத்தியிருக்கிறோம். கைக்கூலி வாங்கியவன் வீட்டுக்கு மட்டும் முதல் பந்திக்கே போய்விடுகிறோம்.

நான் கேட்பது பெரிதன்று. தஃப்தரில் இன்னுமொரு கட்டம். மஹர் என்ற கட்டத்துக்குப் பக்கத்திலேயே, ‘பெண் வீட்டாரிடமிருந்து பெறப்பட்டது’ என்று ஒன்று. நகை, ரொக்கம், வாகனம், மண்டப வாடகை, விருந்துச் செலவு, எல்லாம். மஹரைப் படிக்கும் அதே ஒலிபெருக்கியில் அதையும் படிக்க வேண்டும். பொய் சொன்னால் அல்லாஹ்வின் பெயரால் நடந்த அவையில் பொய் சொன்னவனாவான். மெய் சொல்ல வெட்கப்பட்டால் வாங்காமல் இருப்பான். தேவனூரில் பரிசத்தை உரக்கச் சொல்ல எவரும் வெட்கப்படவில்லை. கொடுப்பவனுக்கு என்ன வெட்கம்? இக்கட்டம் நிரம்பிய நிக்காஹுக்கு இமாம் குத்பா ஓதலாமா என்பதை உலமாக்கள் தீர்மானிக்கட்டும். குமர் காரியத்துக்குக் கடிதம் கொடுக்கும் ஜமாஅத், அதில் மாப்பிள்ளை வீட்டார் கேட்ட தொகையையும் அவர்களது ஜமாஅத்தின் பெயரையும் எழுதிக் கொடுக்கட்டும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு ஜார்க்கண்டைச் சொல்கிறேன். அங்கே பலாமு வட்டாரத்தில் 2016 ஏப்ரலில் வரதட்சணைக்கு எதிராக முஸ்லிம்கள் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஓராண்டுக்குள் சுமார் 800 குடும்பங்கள், தாங்கள் வாங்கிய வரதட்சணையை, ஏறத்தாழ 6 கோடி ரூபாய், பெண் வீட்டாரிடம் திருப்பிக் கொடுத்ததாகச் செய்தி வந்தது. வாங்காமலிருப்பதே அதிசயம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, வாங்கியதைத் திருப்பியிருக்கிறார்கள். நம்மைவிட வறிய மாநிலத்தின் வறிய மாவட்டங்கள் அவை.

2017-இல் இச்செய்தியைப் படித்தபோது நான் மிகவும் பாராட்டினேன். பத்துப் பேருக்கு அனுப்பினேன். பாராட்டியதோடு சரி. ஏனெனில் நானும் வாங்கியவன். 1996-இல் என் நிக்காஹுக்கு 15 பவுனும் 40,000 ரூபாயும் பேசியவர் என் அத்தா. அருகில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவன் நான். மாமா தம் கடலைக்காட்டை விற்றார். நகை என் மனைவியிடம் சிறிது காலம் இருந்தது. ரொக்கம் எங்கள் மிளகு வியாபாரத்தில் சேர்ந்தது. தேவனூரிலிருந்து இறங்கி வந்த அன்றிரவுதான் இதை முதன்முறையாக என் மனைவியிடம் பேசினேன். அவள் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “காட்டுல ஒரு புளியமரம் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

மாமா இப்போது இல்லை. அன்றைய தங்க விலைக்குக் கணக்கிட்டு இன்றைய பணமாக எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். மேசைமேல் வைத்தேன். அவர் தொடவில்லை. கோபமும் இல்லை.

“இத இப்ப வாங்கி என்ன மச்சான் செய்யறது?” என்றார். “பாப்பாவுக்கு நிச்சயமாயிருக்குல்ல. அவங்க கேட்டதுல இன்னும் இந்த அளவுதான் குறையுது. நீங்க கொடுத்தா நேரா அங்கதான் போகும்.”