படம் போதும், விதை கொடுங்க!

உங்கள் வீட்டில் மணி பிளான்ட் இருக்கிறதா? அது எப்படி வந்தது? உண்மையைச் சொல்லுங்கள். கேட்டு வாங்கினீர்களா, கேட்காமல் கிள்ளிக்கொண்டு வந்தீர்களா?

வெட்கப்படாதீர்கள். 'திருடி வச்சாத்தான் காசு கொட்டும்' என்று ஊரே நம்புகிறது. ஆனால் அந்தக் கொடிக்கு நியாய அநியாயமெல்லாம் தெரியாது. கிள்ளிய துண்டில் கணு இருந்தால் துளிர்க்கும். கணு இல்லாத வெறும் இலைக்காம்பை நடுராத்திரியில் சுவர் ஏறிக் குதித்துத் திருடினாலும் துளிர்க்காது. அவ்வளவுதான் விஷயம்.

அப்புறம் ஏன் இப்படி ஒரு நம்பிக்கை வந்தது? என் சந்தேகம் இது. கேட்டால் கொடுக்க மாட்டார்கள் என்று நமக்கு ரொம்ப நாளாகவே தெரியும். அதனால் திருட்டுக்கு ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டோம்.

மாடித் தோட்டம் போட்டிருக்கும் நண்பர்களே, இந்த வாரம் உங்களோடுதான் சண்டை. கோபப்படாமல் படியுங்கள்.

காலையில் எழுந்ததும் எனக்கு வருகிற முதல் செய்தி உங்களுடையதுதான். அடுக்குச் செம்பருத்தி படம். தொட்டியில் தொங்கும் பாகற்காய் படம். உள்ளங்கையில் ஏழு தக்காளியை வைத்துக்கொண்டு ஒரு படம். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 'அழகா இருக்குங்க, நாலு விதை கிடைக்குமா?' என்று கேட்டுப் பாருங்கள். அதுவரை நிமிஷத்துக்கு ஒரு படம் அனுப்பியவர் காணாமல் போய்விடுவார். இரண்டு நாள் கழித்து, 'இந்தத் தடவை விதைக்கு விடலை சார்' என்று பதில் வரும். வெள்ளிக்கிழமை கேட்டால் பதில் இன்னும் சுலபம். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாதாம்!

கண் பட்டுவிடும் என்று வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டுகிறோம். அதே செடியை முன்னூறு பேர் கண்ணுக்குப் படம் பிடித்து அனுப்புகிறோம். படத்துக்குப் படாத கண், விதைக்கு மட்டும் பட்டுவிடுமா?

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா சென்னையில் பள்ளிக்கரணைப் பக்கம் இருக்கிறார். மாடியில் சிறகு அவரை வைத்திருந்தார். பச்சைக் காயில் நான்கு பக்கமும் பாவாடைச் சுருக்கம் மாதிரி சிறகு இருக்குமே, அதுதான். அவர் மாமியார் காலத்து விதை. கேட்டவர்களுக்கெல்லாம் படம் கொடுத்தார். விதை கொடுக்கவில்லை. 'எல்லார் கைக்கும் போயிட்டா அப்புறம் என்ன மரியாதை?' என்று என்னிடமே சொன்னார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. மாடியில் பந்தலோடு கொடி சாய்ந்தது. கீழே சமையலறைக்குள் தண்ணீர் புகுந்தது. முந்தின வருஷ விதை அலமாரியின் அடித்தட்டில் ஒரு டப்பாவில் இருந்தது. வெள்ளம் வடிந்து எடுத்துப் பார்த்தபோது எல்லாம் ஊறி அழுகியிருந்தது. மாமியார் காலத்திலிருந்து வந்த ஒரு வித்து இரண்டே நாளில் முடிந்தது. செல்போனில் மட்டும் நூற்றுக்கணக்கில் படங்கள். படத்தை ஊன்றினால் முளைக்குமா?

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அவர் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து சொன்னாராம்: "ஏம்மா, போன வருஷம் பெருக்கும்போது கீழ கெடந்த நெத்த எடுத்துட்டுப் போனேன்ல, எங்கம்மா வேலியோரம் ஊனி வச்சிருக்கு. இப்ப கொள்ளைக் காய்ப்பு. வெதை கொண்டாரட்டுமா?" செய்யாறு பக்கத்தில் ஒரு வேலி. இன்றைக்கு அந்த அம்மா மாடியில் மறுபடியும் படர்ந்திருப்பது அந்த வேலியிலிருந்து திரும்பி வந்த விதைதான். பூட்டி வைத்தது போயிற்று. கைவிட்டுப் போனது பிழைத்தது. ஒரு விதைக்கு நிஜமான பெட்டகம் உங்கள் அலமாரி இல்லை, அடுத்தவர் வீட்டுத் தோட்டம்.

இதைப் பெரிதாகச் செய்து காட்டியவர் நெல் ஜெயராமன். 2018 டிசம்பரில் நம்மை விட்டுப் போனார். அவர் மீட்டெடுத்தவை 174 பாரம்பரிய நெல் ரகங்கள். மீட்டதைப் பூட்டியா வைத்தார்? திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் வருஷா வருஷம் நெல் திருவிழா நடத்தி, வந்தவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அந்த நான்கு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். பத்திரமும் கையெழுத்தும் இல்லாத ஒரு வங்கி!

'கொடுத்தா மதிக்க மாட்டாங்க சார், தண்ணி ஊத்தாம காயவிட்டுடுவாங்க.' உங்கள் முணுமுணுப்பு கேட்கிறது. விடட்டுமே! முற்றிய ஒரு வெண்டைக்காய்க்குள் நாற்பது ஐம்பது விதை இருக்கிறது. பத்துப் பேருக்குக் கொடுத்து எட்டுப் பேர் காயவிட்டாலும், அந்த ரகம் இரண்டு வீட்டில் உயிரோடு இருக்கும். செடியே அந்தக் கணக்குப் போட்டுத்தான் அத்தனை விதை வைக்கிறது. நமக்குத்தான் கணக்கு வரவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. இலவசமாக வாங்கி, சின்னப் பொட்டலம் போட்டு, 'அரிய வகை' என்று பத்து விதையை நூறு ரூபாய்க்கு விற்பவர்கள். விதை காப்பதையே வேலையாகச் செய்யும் விவசாயிக்கு விலை கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அது அவர் உழைப்பு. ஆனால் தானமாக வந்ததை விற்பவரிடம் ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு இது என்ன விலைக்கு வந்துச்சு?"

விதையைப் பகிர்வது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்க இந்த நாட்டு உழவருக்கு உரிமை உண்டு என்கிறது. பதிவு செய்த ரகத்தின் விதையைப் பிராண்ட் பெயர் போட்டு விற்கக் கூடாது, அவ்வளவே. இப்படி ஒரு சட்டம் இருந்தும், 2019இல் தன் பதிவு பெற்ற உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. சிலரிடம் கேட்ட நஷ்ட ஈடு தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல். நாடெங்கும் எதிர்ப்பு கிளம்பியதும் வழக்குகளை வாபஸ் வாங்கியது. விதைக்காகக் கோர்ட்டு வாசலில் நின்றவர்கள் இருக்கிற நாட்டில், எந்தத் தடையும் இல்லாத நாம் டப்பாவைத் திறக்க யோசிக்கிறோம்.

கொடுப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகத்தின் விதையைக் கொடுத்து ஏமாற்றாதீர்கள். அடுத்த தலைமுறையில் தாய் மாதிரி ஒன்று, தகப்பன் மாதிரி ஒன்று, யார் மாதிரியும் இல்லாமல் ஒன்று என்று கலைந்து வரும். தக்காளியும் அவரையும் பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்ப்பவை, அதனால் நம்பிக் கொடுக்கலாம். சுரையும் பூசணியும் அப்படியல்ல. பக்கத்து மாடிக் குட்டைச் சுரையின் மகரந்தத்தை வண்டு கொண்டுவந்து உங்கள் நீளச் சுரையில் வைத்துவிடும். இந்த வருஷக் காயில் எதுவும் தெரியாது, அதன் விதையைப் போட்டவர் தலையில்தான் விடியும். மலரப் போகும் பூவை முன்கூட்டியே நூலால் கட்டி, மலர்ந்ததும் நீங்களே மகரந்தம் தொட்டு வைத்து மறுபடி கட்டிவிடுங்கள்.

பதியன் கொடுத்தால் இலையைத் திருப்பிப் பாருங்கள். 2008இல் கோவைப் பக்கம் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டுப் பப்பாளி, மல்பெரி, மரவள்ளித் தோட்டங்களை என்ன பாடு படுத்தியது! 2010இல் வெளிநாட்டிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்துத்தான் அடக்கினார்கள். அன்பளிப்பில் பூச்சி ஒட்டிக்கொண்டு போகக் கூடாது. பொட்டலத்தின் மேல் செடியின் பெயர், யாரிடம் வாங்கியது, எந்த வருஷ விதை... மூன்றையும் எழுதுங்கள். வெங்காய விதையெல்லாம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது.

வாங்குகிறவர்களே, நீங்களும் தப்பிக்க முடியாது. நூறு பேரிடம் வாங்கி ஒருவருக்கும் திருப்பித் தராதவர், கொடுக்காதவரை விட மோசம். இரண்டு வாங்கினால் நான்கு கொடுங்கள். வாங்கியவருக்கே கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை.

நாளைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். முற்றிப் போச்சு என்று தூக்கிப் போடப் போகிற ஒரு வெண்டைக்காயைச் செடியிலேயே காயவிடுங்கள். உடைத்து ஐந்து பொட்டலம் போடுங்கள். எதிர்வீட்டில், கீரைக்கார அம்மாவிடம், பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். உங்கள் வீட்டைப் பெருக்குகிறவருக்குக் கட்டாயம் ஒன்று. அப்புறம் ஆசை தீரப் படம் எடுத்து அனுப்புங்கள், நானும் ரசிக்கிறேன்.

அப்படியே, காம்பவுண்டுச் சுவரில் தொங்குகிற அந்த மணி பிளான்ட்டிலும் கணுவோடு ஒரு துண்டு வெட்டி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிடுங்கள். பாவம், எத்தனை நாள்தான் அவர் நீங்கள் ஊருக்குப் போகிற நேரம் பார்த்துக் காத்திருப்பார்!